பன்னிரண்டு கிலோ காற்று

அவளை எல்லோரும் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தது கொழுந்தன். கல்யாணமாகி வந்த புதிதில், கடையில் வாங்கிய வெங்காயத்தைக்கூட அவள் வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பார்ப்பதைக் கண்டு, "அண்ணி, எங்க அண்ணனையும் இப்பவே ஒரு தடவை நிறுத்து வச்சுக்குங்க. அப்புறம் எடை குறையுதுன்னு எங்க மேல பழி போடக் கூடாது" என்றான். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் நிஜமாகவே நிறுத்தும் வைத்துக்கொண்டாள். எழுபத்து நாலு கிலோ. இப்போது எண்பத்து இரண்டு.

அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற வேலைதான் அவளுக்கு வாய்த்திருந்தது. இரும்புத் தொட்டிகளில் துரு எடுக்கிற கம்பெனி. அவள் புருஷன் அங்கே மேஸ்திரி, கொழுந்தன் சின்னவன் துரு சுரண்டுகிற ஆள், இவள் கணக்கு. பண முடிச்சு எண்ணுகிற கணக்கு இல்லை, எடைக் கணக்கு. தொட்டிச் சுவரில் பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டராக ஒரு சதுரம் சுரண்டி, அந்தத் துருவைப் பொட்டலம் கட்டி அவளிடம் கொடுப்பார்கள். அவள் அதை அடுப்பில் இரண்டு மணி நேரம் காய வைத்து, நிறுத்து, நூறால் பெருக்கி, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று பார்ப்பாள். அதைத் தொட்டியின் மொத்தப் பரப்பால் பெருக்கினால் துருவின் எடை வந்துவிடும். பிறகு சமன்பாடு. நூற்று அறுபது கிலோ துருவுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ பாஸ்பாரிக் அமிலம். குறைத்து அனுப்பினால் துரு மிஞ்சும், கூட்டி அனுப்பினால் அமிலம் நல்ல இரும்பைக் கடிக்கும். பதினோரு வருஷமாக அவள் அனுப்பிய அமிலம் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இதைப் பற்றி அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு, கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அன்றைக்குக் காலையில் வந்த வேலை வழக்கமானது இல்லை. தொட்டிகளின் சொந்தக்காரக் கம்பெனியின் இன்ஜினியர் போன் செய்து, எத்தனை கிலோ அமிலம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சுவரிலிருந்து எத்தனை கிலோ இரும்பு போயிருக்கிறது என்று பதினோரு மணிக்குள் சொல்லுங்கள் என்றார். சுவர் மெலிந்திருந்தால் தொட்டி தண்ணீரின் பாரத்தைத் தாங்காது என்பது அவர் கவலை.

தொட்டிகள் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவு. உருளை வடிவம், நாலு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம். பத்து மாதத்துக்கு முன்னால் இதே ஆட்கள்தான் இரண்டையும் வெள்ளை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டிவிட்டு வந்தார்கள். அப்புறம் ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் நிரப்பி, வடித்து, வர்ணம் வந்து சேராததால் தூசி புகக் கூடாது என்று மூடியைப் போட்டு எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டார்கள். உள்ளே சுவர் ஈரமாகவே இருந்தது. முதல் தொட்டியின் மூடியை நாலு நாளைக்கு முன்பே திறந்தாயிற்று, அதற்குக் கீழே பக்கவாட்டிலும் ஒரு கதவு உண்டு, காற்று ஊடாடிக்கொண்டிருந்தது. இரண்டாவதுக்கு மேல் வாய் ஒன்றுதான். அதை இன்றைக்குத்தான் திறக்கிறார்கள்.

முதல் தொட்டியின் பொட்டலத்தைச் சின்னவன் காலை ஒன்பதரைக்கே கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான்.

"ஈரமா இருக்கு அண்ணி. காய வச்சுக்குங்க."

"இரண்டாவதுலயும் ஒரு சதுரம் எடுத்துட்டு வந்துரு. ரெண்டையும் சேர்த்தே கணக்குப் போட்டுடறேன்" என்றாள் அவள்.

"மூடியத் திறந்ததும் முதல் வேலையா உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, மேஜையில் இருந்த அவளுடைய டீயில் பாதியைக் குடித்துவிட்டுப் போனான். அது அவனுடைய நிரந்தரக் கெட்ட பழக்கம்.

காய வைக்க இரண்டு மணி நேரம் ஆகும், இன்ஜினியருக்குப் பதினோரு மணிக்குப் பதில் வேண்டும். அதனால் பதினோரு வருஷத்தில் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். ஈரத் துருவை அப்படியே நிறுத்தாள். நாலரை கிராம். தோராயமாக இப்போது சொல்லிவிட்டு, மத்தியானம் சரியான எண்ணைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பென்சிலால்தான் எழுதினாள்.

சதுர மீட்டருக்கு நானூற்று ஐம்பது கிராம். தொட்டியின் உள்பரப்பு எண்பத்தெட்டு சதுர மீட்டர். ஆக மொத்தம் நாற்பது கிலோ துரு. இனி இரும்பு. நாலு இரும்பும் மூன்று ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு துரு. எடையில் சொன்னால், இருநூற்று இருபத்து நாலு பங்கு இரும்பும் தொண்ணூற்றாறு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து முந்நூற்று இருபது பங்கு துரு. நாற்பது கிலோ துருவில் இரும்பு இருபத்தெட்டு கிலோ. அவ்வளவு பெரிய தொட்டிக்கு அது ஒன்றுமே இல்லை, சுவர் தாங்கும். இன்ஜினியர் நிம்மதியாகத் தூங்கலாம்.

இருபத்தெட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டாள். கூட்டிக் கழித்துச் சரிபார்க்கிற பழக்கத்தில், கீழே 'மீதி 12, ஆக்சிஜன்' என்றும் எழுதினாள். டீயின் மிச்சத்தைக் குடித்தாள். கோப்பையைக் கீழே வைக்கும்போது அந்தப் பன்னிரண்டைத் திரும்பப் பார்த்தாள்.

பன்னிரண்டு கிலோ ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்துதான், வேறெங்கிருந்து? வெளியே கிடக்கிற இரும்புக்கு ஊரிலிருக்கிற காற்றெல்லாம் சொந்தம், எவ்வளவு வேண்டுமானாலும் தின்னும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இது மூடி இறுக்கின தொட்டி. உள்ளே அடைபட்ட காற்றைத்தான் தின்றிருக்க வேண்டும். பதினோரு வருஷமாக அவள் அந்தச் சமன்பாட்டில் இரும்பையும் துருவையும்தான் பார்த்திருக்கிறாள், நடுவில் நிற்கிற ஆக்சிஜனை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை.

பென்சிலை எடுத்து அடுத்த கணக்கைப் போட்டாள். தொட்டியின் கொள்ளளவு சுமார் அறுபது கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றில் ஆக்சிஜன் முந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தத் தொட்டிக்கும் பதினேழு கிலோ. பதினேழில் பன்னிரண்டு போனால் ஐந்து. சாதாரணக் காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன் என்றால், அந்தத் தொட்டியில் ஆறுதான் இருக்கும்.

ஆறு பங்கில் ஒரு மனிதன் மயங்கி விழ ஒரு நிமிடம் போதும். மூச்சு முட்டாது, இருமல் வராது, நாற்றம் கிடையாது. கால் தளரும், உட்கார்ந்துவிடுவான், அவ்வளவுதான். ஏதோ ஒரு பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள், அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் தொட்டி நாலு நாளாகக் காற்றாடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை இப்போது திறந்துகொண்டிருப்பார்கள். 'முதல் வேலையா உங்களுக்குத்தான்' என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சதுரம் எடுக்கச் சொன்னது இவள்.

புருஷனுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது, தொட்டிப் பக்கம் போகிற எல்லோருடைய போனும் கேட்டில் ஒரு தட்டில்தான் கிடக்கும். அங்கே அது பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும், வாட்ச்மேன் அதை ரசித்துக்கொண்டிருப்பார்.

தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி எத்தனையோ வருஷமாகிறது. அவள் வேலை பார்க்கிற ஷெட்டிலிருந்து கேட் இருநூறு அடி, கேட்டிலிருந்து தொட்டி இன்னும் நானூறு அடி. செருப்பு ஒன்று கழன்றது, மற்றதை அவளே உதறினாள்.

"வாக்கி-டாக்கில சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க! இரண்டாவது தொட்டிக்குள்ள யாரும் இறங்கக் கூடாதுன்னு சொல்லுங்க!"

வாட்ச்மேன் நிதானமானவர், நிதானத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம். "ஹலோ ஹலோ, கேட்டிலிருந்து பேசறேன், ஓவர்" என்றார். மறுமுனையில் கம்ப்ரசர் சத்தம்தான் கேட்டது. முதல் தொட்டியில் காற்றுச் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. "ஓவர்" என்றார் மறுபடியும். அவள் கேட்டைத் தாண்டி ஓடினாள். பின்னாலிருந்து, "அம்மா, போனை வச்சுட்டுப் போங்க!" என்று குரல் வந்தது. அவள் போனை அவர் பக்கமாகத் தூக்கி எறிந்தாள்.

தொட்டிகள் கண்ணில் பட்டன. இரண்டாவதின் உச்சியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒரு மஞ்சள் ஹெல்மெட், சூப்பர்வைசரின் வெள்ளை ஹெல்மெட், இன்னொரு மஞ்சள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மஞ்சள் தாழ்ந்தது. தோள் மறைந்தது, தலை மறைந்தது. "வேண்டாம்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவள் குரல் அவள் காதிலேயே விழவில்லை. கம்ப்ரசர்தான் கத்தியது.

பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அவள் தொட்டியின் அடியை எட்டும்போது, மேலே வெள்ளை ஹெல்மெட் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தது. மேஸ்திரி மண்டியிட்டு உள்ளே பார்த்து ஏதோ கூவினார். மறுபடி கூவினார். கூவின விதத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உயரம் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது, வீட்டில் பரண் மேல் இருக்கிற பாத்திரத்தைக்கூடச் சின்னவன்தான் எடுத்துக் கொடுப்பான். இரும்பு ஏணியில் எப்படி ஏறினாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

அவள் உச்சிக்கு வந்தபோது மேஸ்திரியின் இரண்டு காலும் தொட்டி வாய்க்குள் இருந்தன. இடுப்புவரை இறங்கிவிட்டார். அவள் பின்னாலிருந்து விழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இறங்காதீங்க! உள்ள காத்து இல்ல!"

"விடு! சின்னவன் விழுந்துட்டான்!"

"வழுக்கி விழுந்துட்டான்மா" என்றார் சூப்பர்வைசர். அவர் முகம் வெளுத்திருந்தது. "ஏணி ஈரம். கடைசிப் படியில உக்காந்த மாதிரி சாஞ்சான். மீட்டர் போட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன், பூஜ்யம் காட்டுச்சு. இங்க பாருங்க, இப்பவும் பூஜ்யம்."

"அது எரியற வாயுவைத்தான் கண்டுபிடிக்கும் சார்! காத்து இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது!"

"தண்ணித் தொட்டிம்மா இது. பெட்ரோல் தொட்டியா? வெறும் தண்ணி."

"அடிபட்டு ரத்தம் ஒழுகிட்டுக் கிடக்கான்டி அங்க!" மேஸ்திரி உதறினார். அவர் முழங்கை அவள் உதட்டில் இடித்தது, வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவர் எண்பத்து இரண்டு கிலோ, அவள் ஐம்பத்தொன்று. அந்தக் கணக்கில் அவள் தோற்பது நிச்சயம் என்று இருவருக்கும் தெரியும். அவர் இன்னும் ஒரு படி இறங்கினார். அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஐந்து மீட்டர் கீழே, வாய் வழியாக விழுந்த வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில், ஏணிக்கு முதுகைக் கொடுத்துச் சின்னவன் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். மதியச் சாப்பாடு முடித்துக் கண்ணயர்ந்தவன் மாதிரி இருந்தான். கையில் சுரண்டுகிற தகடு இன்னும் இருந்தது.

"நீங்க இறங்கினா மறு நிமிஷம் நானும் குதிப்பேன்" என்றாள் அவள், அவர் காதோடு. "சத்தியமாக் குதிப்பேன். அப்புறம் அவன் பொண்டாட்டி மூணு பேருக்கும் சேர்த்து அழட்டும். நம்ம புள்ளைய அவ வளர்க்கட்டும்."

அவர் நின்றார். தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு வெறுப்பை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

"காத்து இல்லன்னு நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

அப்போதுதான் அவளுக்கு அந்த ஈரம் நினைவுக்கு வந்தது. துருவை அவள் காய வைக்கவில்லை. நாலரை கிராமில் எத்தனை துரு, எத்தனை தண்ணீர்? பாதி தண்ணீராக இருந்தால் துரு இருபது கிலோதான், தின்ற ஆக்சிஜன் ஆறு கிலோதான். அப்படியென்றால் உள்ளே இன்னும் பதின்மூன்று பங்கு இருக்கும். ஒரு பலசாலி மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட முடியும். சூப்பர்வைசர் சொல்வதுபோல அவன் வழுக்கித்தான் விழுந்தானோ? தலையில் அடிபட்டு, ஒரு மனிதர் இறங்கித் தூக்கினால் பிழைத்துவிடக்கூடிய நிலையில் கிடக்கிறானோ? ஒரு பென்சில் கணக்கை நம்பி, அவனைச் சாக விட்டுவிட்டு, அவன் அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ? வாழ்நாளில் அவ்வளவு பயம் அவள் பட்டதில்லை.

"நிச்சயமாத் தெரியும்" என்றாள்.

பதினோரு வருஷத்தில் தராசு தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் கை ஏணியில் தளர்ந்தது.

"அப்ப அவன் சாகட்டும்ங்கறியா?" என்றார். அழுகையும் கோபமும் சேர்ந்து குரல் உடைந்தது.

"இல்லைங்க. காத்தை அவன்கிட்ட அனுப்புவோம்."

முதல் தொட்டியில் அடிக்கிற காற்றுச் சுத்திக்குக் குழாய் ஒன்று தரையில் பாம்புபோல நீண்டு கிடந்தது. அவள் விளிம்பிலிருந்து இரண்டு கையையும் ஆட்டிக் கத்த, கம்ப்ரசர்காரர் நிமிர்ந்து பார்த்தார். சுத்தியைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். வேலை தெரிந்த மனிதர், கேள்வி கேட்கவில்லை. கழற்றி, குழாயின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி வந்து கொடுத்தார்.

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அறுபது கன மீட்டர் தொட்டிம்மா. இந்தக் குழாயை வச்சு அதை எப்ப நிரப்பறது?"

"தொட்டிக்கு எதுக்கு சார் காத்து? தொட்டியா மூச்சு விடுது?"

அதைச் சொல்லும்போதே அவள் மூளை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஒரு மனிதனுக்கு ஒரு நாள் முழுக்க முக்கால் கிலோ ஆக்சிஜன் போதும். நிமிடத்துக்கு அரை கிராம். இந்தக் குழாய் நிமிடத்துக்கு மூன்று கன மீட்டர் காற்றைத் தள்ளும், அதில் ஆக்சிஜன் முக்கால் கிலோவுக்கு மேலேயே இருக்கும். அவன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். நின்றுபோயிருந்தால் எந்தக் குழாயும் உதவாது. அந்த இரண்டாவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மேஸ்திரி குப்புறப் படுத்துக் குழாயை இறக்கினார். அவர் தலை வாய்க்குள் போகாதபடி அவள் அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். குழாய் இறங்கி இறங்கிப் போய், சின்னவனின் முகத்துக்கு இரண்டு முழம் தள்ளி ஆடியது. வால்வைத் திறந்ததும் அது துள்ளியது, அடியில் கிடந்த துருவெல்லாம் செம்புழுதியாகக் கிளம்பியது. சின்னவனின் முகமே மறைந்துவிட்டது.

"பாதி மூடுங்க! பாதி!"

புழுதி கொஞ்சம் அடங்கியது. மேஸ்திரி குழாயை ஊஞ்சல் மாதிரி ஆட்டினார். மூன்றாவது ஆட்டத்தில் நுனி அவன் மார்பில் போய் விழுந்து, சட்டைக் காலரில் சிக்கி, தாடைக்குக் கீழே நின்றது. முன்மயிர் காற்றில் படபடவென்று பறந்தது. வேறு ஒன்றும் அசையவில்லை.

"சின்னவனே!" என்று கத்தினார் மேஸ்திரி. "டேய்! டேய் கழுதை! எந்திரிடா!"

சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியில் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். இப்போது வாட்ச்மேனுக்கு எல்லாம் கேட்டது. அவள் சின்னவனின் நெஞ்சையே பார்த்தாள். மூச்சு இருக்கிறதா, காற்றில் சட்டைதான் உப்புகிறதா என்று சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடம் போனது. அந்த ஒரு நிமிடத்தில் அவன் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று அவள் மனசுக்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள், மூன்றிலும் 'நான்தான் அனுப்பினேன்' என்ற இடத்தில் வாக்கியம் நின்றுபோனது. தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். பதிலுக்குக் கம்ப்ரசர் மட்டும் இரைந்தது.

பிறகு அவன் கையிலிருந்த தகடு நழுவித் தரையில் விழுந்தது. விரல்கள் ஒரு தடவை மடங்கி விரிந்தன.

மேஸ்திரி வாய்விட்டு அலறினார். உடனே எழுந்து இறங்கப் போனார். அவள் மறுபடியும் பிடித்துக்கொண்டாள், இந்தத் தடவை கம்ப்ரசர்காரரும் சேர்ந்து பிடித்தார். "உயிரோட இருக்கான்ல? விடு என்னை!" என்று அவர் திமிற, "இருக்கான், அதனாலதான் சொல்றேன், குழாய் பக்கத்துல ஒரு ஆளுக்குத்தான் காத்து இருக்கு, நீங்க போய் அதைத் தட்டிவிட்டுறாதீங்க" என்று அவள் கெஞ்சினாள். அப்படியே பன்னிரண்டு நிமிடம் போனது. அவளைப் பொறுத்தவரை ஒரு வருஷம்.

தீயணைப்புக்காரர்கள் முதுகில் சிலிண்டரோடு வந்தார்கள். மூத்தவர் ஒருவர் கயிற்றில் கட்டிய சின்னக் கருவியைத் தொட்டிக்குள் இறக்கி, குழாய்க்கு எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, வெளியே இழுத்துப் பார்த்தார்.

"ஆக்சிஜன் பதினாலு" என்றார். "எவ்வளவு நேரமாக் காத்து அடிக்கறீங்க?"

"பன்னிரண்டு நிமிஷம்."

"இவ்வளவு நேரம் அடிச்சும் பதினாலா?" அவர், இன்னும் இருவர் பிடியில் இருந்த மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே இறங்கப் போனது? அப்ப இறங்கியிருந்தீங்கன்னா, இப்ப நாங்க ரெண்டு பேரைத் தூக்க வேண்டியிருந்திருக்கும். ஒருத்தர் உயிரோட, ஒருத்தர் இல்லாம."

மேஸ்திரி தொட்டி வாயிலிருந்து விலகி வழிவிட்டார்.

முகமூடி போட்ட இருவர் இறங்கி, வாரால் கட்டி, சின்னவனை மேலே இழுத்தார்கள். முகமெல்லாம் செம்மண் பூசின மாதிரி துரு, உதடு மட்டும் நீலம். தரையில் கிடத்தி மூக்கில் ஆக்சிஜனை வைத்ததும் இருமினான். வாந்தி எடுத்தான். கண்ணைத் திறந்து, யார் யார் என்று தேடுவதுபோல எல்லா முகத்தையும் பார்த்தான். அவள் முகத்தில் பார்வை நின்றது.

"அண்ணி." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "அண்ணன் எங்க? உள்ள இறங்கிட்டாரா?"

"இங்கதான்டா இருக்கார். இதோ."

"கால் துவண்டுபோச்சு அண்ணி. அப்பவே தெரிஞ்சுபோச்சு. வராதேன்னு கத்தணும்னு பாத்தேன். வாய் வரல." அவன் கண்ணில் தண்ணீர் வழிந்து துருவில் கோடு போட்டது. "இவர் வந்துருவாரேன்னுதான் பயம். நான் போறத நினைச்சுக்கூடப் பயம் இல்ல. இவர் என் பின்னாலேயே வந்துருவாரே."

மேஸ்திரி அவன் தலைமாட்டில் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஆம்புலன்ஸில் சின்னவன் படுத்திருக்க, அவர்கள் இருவரும் எதிரே ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவன் மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, கூட வந்த நர்ஸ் பயப்பட ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவள் உதடு வீங்கியிருந்தது. மேஸ்திரி அதைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"நான் கேட்டப்போ நிச்சயமாத் தெரியும்னியே" என்றார் கடைசியில். "எப்படித் தெரியும்?"

அவள் இல்லாததைச் சொல்லி மழுப்பியிருக்கலாம். முடியவில்லை. மடியில் கசங்கிக் கிடந்த தாளை நீவிக்கொண்டே சொன்னாள்.

"தெரியாதுங்க. துருவைக் காய வைக்காமலே எடை போட்டுட்டேன். அதுல பாதி தண்ணியாக்கூட இருந்திருக்கலாம். எண் சரியா தப்பான்னு எனக்கே தெரியாது."

அவர் அவளைப் பார்த்தார். வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. அவருடைய முழங்கால் நடுங்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு இரண்டும். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. தொட்டி வாயில் இடுப்புவரை இறங்கி நின்றபோது வராத பயம் அவருக்கு இப்போதுதான் வந்தது.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு" என்றார். "யார் கேட்டாலும் நிச்சயமாத் தெரியும்னே சொல்லு. இவன்கிட்டயும் அப்படியே சொல்லு."

"சரிங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எனக்கும் இன்னொரு தடவை சொல்லு."